அழுகாத வேர்

"அண்ணாச்சி, கொலை நடந்த எடத்துல போலீஸ்காரக சுண்ணாம்புக் கோடு போடுவாக. இங்கன செத்தவுகளே கோடு போட்டுக் குடுத்திருக்காக" என்றாள் எழில்.

துப்பறிவாளர் வெள்ளைத்துரை பதில் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிளகாய்ப் பாத்திக்குள் குனிந்திருந்தார். விருதுநகரில் ஒரு புரோட்டாக் கடையின் மாடியில் இருந்த அவரது அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து எழில் ஒன்றைக் கற்று வைத்திருந்தாள். அவர் பேசாமல் இருந்தால், அவள் உளறியதில் ஏதோ ஒன்று உருப்படியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆமத்தூரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்கு நடுவே பரந்து கிடந்தது அந்தத் தோட்டம். எங்கு பார்த்தாலும் பச்சை. இலைக்கு இலை இடுக்கில் பழுத்த மிளகாய். கிழக்கு ஓரத்தில் மட்டும் ஒரு துண்டு நிலத்தில் ஒரு செடி மிச்சமில்லாமல் கருகிச் செத்திருந்தது.

தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ராஜபாண்டியன் வரப்பில் குடை பிடித்து நின்றார். நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். வெயிலை விட அவர் முகம்தான் அதிகமாகக் காய்ந்தது.

"போன வருசம் தோட்டம் மொத்தமும் வேர் அழுகல்ல போச்சு சார். ஒரு கூடை பழம் எடுக்கலை. இந்த வருசம் இந்தக் காமராஜுப் பய யாரோ சொன்னாகன்னு 'முக்கூட்டு'ன்னு ஒரு பொடியை வாங்கித் தோட்டம் பூராவும் போட்டிருக்கான். நுண்ணுயிராம், வேரைக் காப்பாத்துமாம். பெறகு பாக்கெட்டைத் திருப்பிப் பாத்தா, தயாரிப்பு மாரிசெல்வி."

பக்கத்தில் நின்ற தோட்ட மேனேஜர் காமராஜ் தரையைப் பார்த்தான்.

"யாரு அந்த மாரிசெல்வி?" என்றார் வெள்ளைத்துரை.

"எங்கிட்ட போர்மேனா இருந்த தங்கச்சாமி பொண்டாட்டி. மூடிக் கெடந்த ஷெட்டை எனக்குத் தெரியாமத் தொறந்து, ஆளுகளைக் கூட்டி வச்சுக் கள்ள வேலை பாத்தான் அந்தப் பய. வெடிச்சது. தானும் போயி, கூட இருந்தவுகளையும் கூட்டிக்கிட்டுப் போனான். அன்னைக்கிருந்து இவ என்னையப் பழிவாங்கணும்னு கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸுன்னு அலையுறா. ஒண்ணும் நடக்கலை. அதான் இப்ப என் மண்ணுல கை வச்சிட்டா."

"போலீஸ்ல சொன்னீகளா?"

"சொல்லாம இருப்பனா? இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல இன்ஸ்பெக்டரம்மா மண்ணு எடுக்க வாராக. அதுக்குள்ள அவ பொடியில என்ன வெசத்தைக் கலந்தான்னு நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்துருங்க. அவ ஷெட்டுக்குச் சீல் விழணும். ஆமத்தூர் ரோட்டுல அவ தலையைக் குனிஞ்சு நடக்குறதை நான் கார்ல இருந்து பாக்கணும்."

"கண்ணாடியை இறக்கிட்டா, ஏத்திக்கிட்டா மொதலாளி?" என்று எழில் கேட்டாள்.

ராஜபாண்டியன் அவளை முறைத்தார். வெள்ளைத்துரை இருமினார்.

"புகாருக்கு அந்தம்மா என்ன சொல்லுச்சு?"

"அதைக் கேளுங்க. மறுக்கக்கூட இல்லை சார். 'செத்த எடத்துல மண்ணை எடுங்க, ஆழமாத் தோண்டி எடுங்க'ன்னு இன்ஸ்பெக்டர்கிட்டயே தெனாவெட்டாச் சொல்லியிருக்கா."

வெள்ளைத்துரை நிமிர்ந்தார். கையில் வேரோடு பிடுங்கிய இரண்டு செடிகள். ஒன்று பச்சைப் பகுதியில் இருந்து எடுத்தது. வெள்ளை வேர்கள் தாடி மாதிரி அடர்ந்து தொங்கின. இன்னொன்று செத்தது. அதன் வேரை நகத்தால் கீறி எழிலின் மூக்கருகே நீட்டினார்.

"என்ன வாசம் அடிக்குது?"

"ஒண்ணும் இல்லை. வெறும் விறகு."

"வேர் அழுகல்ல செத்தா பட்டை தோலாட்டம் உரிஞ்சு கையோட வரும். நாத்தம் பொறுக்காது. இது அழுகவே இல்லை. நுனியில தீஞ்சிருக்கு."

"உவர் சார்" என்றான் காமராஜ். "பாருங்க, மண்ணு மேல வெள்ளையாப் பூத்திருக்கு."

"உவருன்னா பக்கத்துப் பாத்திக்கும் பரவியிருக்கணுமே தம்பி."

வெள்ளைத்துரை செத்த துண்டின் ஓரமாகவே நடந்தார். எழில் பின்னால் போனாள். கோடு நேராகப் போயிற்று. மூலை வந்ததும் சட்டென்று திரும்பிற்று. மறுபடி நேர்கோடு, மறுபடி மூலை. இந்தப் பக்கம் பிணம், ஒரு முழம் தள்ளி அந்தப் பக்கம் காய்த்துக் குலுங்கும் செடி.

"நோய் தண்ணி போன போக்குல போகும், வட்டமாப் பரவும். மூலைமட்டம் வச்சு அளந்து வராது" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பிறகு வெள்ளையாகப் பூத்திருந்த மண்ணில் ஒரு சிட்டிகை கிள்ளி, பேப்பரில் மடித்து அவளிடம் கொடுத்தார். "எழிலு, டீ குடிப்போம்."

* * *

ரோடு பிரியும் ஆமத்தூர் விலக்கில் டீக்கடை. எழில் டீயை வாங்கி பெஞ்சில் வைத்துவிட்டு, கடைக்காரரின் கேஸ் அடுப்புப் பக்கம் போனாள். ஒரு கம்பியின் நுனியை நனைத்து, மடித்து வைத்திருந்த மண்ணில் தொட்டு, நீலச் சுடருக்குள் நீட்டினாள்.

சுடர் பச்சையாகத் திரும்பியது. வாழைக்குருத்துப் பச்சை.

"ஏத்தா, என் அடுப்புல மத்தாப்பு கொளுத்துறியா?" என்றார் கடைக்காரர்.

"தீவாளிக்கு இன்னும் நாளு கெடக்கு அண்ணாச்சி. சும்மா சாம்பிள்" என்று சிரித்தாள் எழில். ஆனால் கம்பியை வாளித் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் கீழே வைத்தாள்.

அந்தப் பச்சையை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவள் அம்மா மத்தாப்புக் கம்பெனியில் கம்பிகளை மருந்தில் முக்கி எடுக்கும் வேலை பார்த்தவர். லீவு நாளில் எழிலும் கூடப் போவாள். எந்த மருந்து எந்த நிறத்தில் எரியும் என்பதெல்லாம் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பாடத்துக்கு முந்தியே பழக்கமாகிவிடும்.

"பேரியம் அண்ணாச்சி. இப்ப பட்டாசுல சேக்கக் கூடாதுன்னு தடை போட்ட சரக்கு. மிளகாத் தோட்டத்துல இதுக்கு என்ன வேலை?" என்று பெஞ்சில் இருந்த வெள்ளைத்துரையிடம் வந்து கேட்டாள்.

"மாரிசெல்வி பொடியில கலந்திருக்கலாம்ல?"

"பொடியைத் தோட்டம் பூராவும்தானே போட்டாக? அப்படின்னா எல்லாச் செடியும் செத்திருக்கணும். இது மேல இருந்து போட்டதில்லை. கீழ இருந்து ஏறி வந்து பூத்திருக்கு." சொல்லிவிட்டு எழில் அவரைப் பார்த்தாள். "தெரிஞ்சுக்கிட்டேதானே கேக்குறீக?"

வெள்ளைத்துரை டீயை உறிஞ்சினார். "செத்த எடத்துக்குக் கீழ ஏதோ கெடக்கு. அது ராஜபாண்டியனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா போலீஸைத் தோட்டத்துக்குள்ள கூப்பிட்டிருக்க மாட்டார். ஆனா ஒரு ஆளுக்குத் தெரியும்."

"ஆழமாத் தோண்டச் சொன்ன ஆளு."

"டீயைக் குடி. ஆறுது."

* * *

மாரிசெல்வியின் தயாரிப்புக் கூடம் ஊரை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம். உள்ளே முகமூடி கட்டிய பெண்கள் பொடியைப் பாக்கெட்டில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். மாரிசெல்வி கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வந்தாள். தாவரவியல் படித்தவள். கணவன் செத்த பிறகு வேளாண் மையத்தில் பயிற்சி எடுத்து இதைத் தொடங்கியிருந்தாள். குரல் ஒரே மட்டத்தில் இருந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"மொதலாளி அனுப்புன ஆளுகளா? வாங்க, உக்காருங்க. நான் என்ன வெசம் வச்சேன்னு கேக்க வந்தீகளா?"

"இல்லம்மா. வெசம் வைக்காத நீங்க ஏன் அதை மறுக்காம இருக்கீகன்னு கேக்க வந்தேன்" என்றார் வெள்ளைத்துரை.

மாரிசெல்வி அவரை முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

"உங்க பொடியில அப்படி என்ன இருக்கு?"

"மூணு உசிரு. டிரைக்கோடெர்மான்னு ஒரு பூஞ்சை. வேரை அழுக வைக்கிற பூஞ்சையைச் சுத்தி வளைச்சுத் தின்னுரும். ஆனா மண்ணு ரொம்பக் காஞ்சா தளந்துரும். சூடோமோனாஸுன்னு ஒரு பாக்டீரியா. வேர் மேல மொதல்ல எடம் பிடிச்சு உக்காந்துக்கிட்டு, நோயை அண்ட விடாது. அதுக்கு நம்ம வெயில் ஆகாது. மூணாவது பேசில்லஸ். எம்புட்டு வெயில் அடிச்சாலும் செத்தாப்ல கெடந்து, ஈரம் பட்டதும் எந்திரிச்சிரும். ஒண்ணு தளர்ற எடத்துல இன்னொண்ணு நிக்கும்."

"மூணையும் ஒண்ணா அடைச்சா அடிச்சுக்கிடாதா அக்கா?" என்று எழில் கேட்டாள்.

"எல்லா ரகமும் ஒத்துப்போகாது. ஒரே தட்டுல பக்கம் பக்கமா வளத்துப் பாக்கணும். ஒண்ணு இன்னொண்ணை நெருங்க விடாம நடுவுல இடைவெளி விழுந்தா, அந்த ஜோடி ஆகாது. கலந்து வளர்ற ரகத்தைத் தேடிப் பிடிச்சோம்."

"பொண்ணு பாக்கப் போறவுக இந்தத் தட்டைக் கையோட கொண்டு போனா எம்புட்டு வழக்கு மிச்சமாகும்."

மாரிசெல்வி சிரிக்கவில்லை. வெள்ளைத்துரை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணை மட்டும் குடுத்திருந்தா தோட்டத்துல அங்கங்க சொத்தை விழுந்திருக்கும். எது நோய், எது வேறன்னு யாரும் பிரிச்சுச் சொல்ல முடியாது. போன வருசம் மொத்தமும் அழுகினப்ப ஒண்ணுமே தெரியலை. மூணையும் சேத்துக் குடுத்தீக. நோய்னு சொல்ல ஒரு செடிகூட இல்லாமப் பண்ணிட்டீக. அதுக்குப் பெறகும் எந்த எடத்துல செடி சாகுதோ, அங்கன செடியைக் கொல்றது நோய் இல்லை. கீழ கெடக்குற சரக்கு." ஒரு கணம் நிறுத்தினார். "நீங்க அவர் மிளகாயைக் காப்பாத்தலைம்மா. தேடியிருக்கீக."

மாரிசெல்வி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வெடிச்ச ஷெட்டை ஆபீஸருக வாரதுக்குள்ள வழிச்சு எடுத்துட்டாக. வெறும் தரைதான் இருந்துச்சு. தங்கச்சாமி திருட்டுத்தனமா வேலை பாத்தாருன்னு எழுதிட்டாக. செத்த மனுசன் மேல கேஸு. எம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல கொலைகாரன் மக்கள்னு சொல்றாக. அந்த ஷெட்டுல தடை போட்ட மருந்தை வச்சு மொதலாளி சொல்லித்தான் வேலை நடந்துச்சு. ஆனா காட்ட ஒரு துரும்பு இல்லை."

"பெறகு?"

"மண்ணு அள்ளுன டிராக்டர் டிரைவர் முனியராஜ். மொத வருசத் திதி அன்னைக்குக் குடிச்சிட்டு வந்து எங்க வாசல்ல அழுதான். கல்குவாரியில கொண்டுபோய்க் கொட்டச் சொன்னாராம் மொதலாளி. வழியில போலீஸ் வண்டி நிக்குதுன்னு பயந்து, தோட்டத்துலயே குழி தோண்டிப் பொதைச்சிட்டு, குவாரியில போட்டுட்டேன்னு பொய் சொல்லியிருக்கான். எந்த எடம்னு கேட்டேன். மேல மண்ணடிச்சுச் சமப்படுத்துன பெறகு அவனுக்கே தெரியலை. மறுநா போதை தெளிஞ்சதும் நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னான். இப்ப ஊர்லயே இல்லை."

"அதனால பொடியைக் காமராஜ் கையில சேத்தீக."

"ஆமா. என் பேரைப் பாக்கெட்டுல பெருசாவே அடிச்சேன். செத்த எடம் தெரிஞ்சா மட்டும் போதாதே சார். நான் போய்த் தோண்டுங்கன்னு சொன்னா எந்த ஆபீஸரும் அவர் தோட்டத்துக்குள்ள கால் வைக்க மாட்டாக. அவராக் கூப்பிடணும். என் மேல இருக்குற வன்மத்துல கூப்பிடுவாருன்னு தெரியும்." குரல் இப்போதும் ஏறவில்லை. "ஒவ்வொரு மிளகாச் செடியையும் எம் பிள்ளையாட்டம் பாத்துக்கிட்டேன். எதுக்குன்னா அவர் அழியணும். பாவம்னு நெனைக்கிறீகளா?"

எழிலின் சித்தியும் அப்படி ஒரு ஷெட் வெடித்துத்தான் செத்தாள். அந்தக் குடும்பத்தில் பழிவாங்க யாருக்கும் தெம்பு இருக்கவில்லை.

"எனக்குச் சம்பளம் குடுக்குறவர் ராஜபாண்டியன்" என்றார் வெள்ளைத்துரை. "கண்டுபிடிச்சதை அவர்கிட்ட நான் மறைக்க முடியாது."

"இப்பவே போன்ல சொல்லிட்டீகன்னா ஒரு மணி நேரத்துல அங்கன ஒண்ணும் இருக்காது."

"சொல்லுவேன். எங்க வச்சுச் சொல்லணும்னு அவர் ஒண்ணும் சொல்லலையே. இன்ஸ்பெக்டர் முன்னால வச்சுச் சொல்றேன். வாங்க, நீங்களும்."

* * *

அவர்கள் போனபோது இன்ஸ்பெக்டர் ஜீப் வரப்போரம் நின்றது. மாரிசெல்வி அவர்களோடு வந்து இறங்கியதைப் பார்த்ததும் ராஜபாண்டியனின் முகம் மலர்ந்தது.

"நல்லவேளை, கையோட கூட்டிட்டு வந்துட்டீக. சொல்லுங்க சார், என்ன கண்டுபிடிச்சீக?"

"மூணு விசயம் மொதலாளி. மாரிசெல்வி பொடியில வெசம் இல்லை. செடி நோயால சாகலை. வெசம் உங்க மண்ணுக்குள்ள, செத்த எடத்துக்குக் கீழ கெடக்கு. தோண்டுறதும் தோண்டாததும் உங்க இஷ்டம். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கச் சொன்னதை ராஜபாண்டியன் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் கண் மாரிசெல்வி மேலேயே இருந்தது.

"பாத்தீகளா இன்ஸ்பெக்டரம்மா? ராத்திரியோட ராத்திரியா வந்து பொதைச்சு வச்சிருக்கா. தோண்டுங்க. அவ மூஞ்சிக்கு நேரே தோண்டுங்க. ஏலே காமராஜு, ஆளுகளைக் கூப்பிடு."

"மொதல்ல தண்ணியை விட்டு நல்லா நனைங்க. மண்வெட்டியைக் கல்லுல இடிக்காதீக, பொறி பறக்கும்" என்று எழில் ஆட்களிடம் சொன்னாள். வேடிக்கையாகச் சொல்லவில்லை என்று அவர்களுக்கே தெரிந்தது.

முதலில் வந்தவை இற்றுப்போன சாக்குகள். வெள்ளை மருந்து கட்டிகட்டியாக உதிர்ந்தது. பிறகு கரி பிடித்த தகரம், உருகிய பிளாஸ்டிக் வாளி. ராஜபாண்டியன் குடையைத் தாழ்த்தினார். அவர் வாய் அவரைக் கேட்காமலே பேசிவிட்டது.

"குவாரியில போட்டுட்டேன்னுல்ல சொன்னான்..."

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். "யாரு சொன்னது சார்? எதைப் போடச் சொன்னீங்க?"

அதற்குள் குழியில் நின்றவர்கள் பெரிதாக எதையோ நெம்பிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் மேலே தூக்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். இரும்புக் கதவு. நெளிந்து, நிலையோடு சேர்ந்தே பெயர்ந்து வந்திருந்தது. சேற்றைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். ஒரு பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் கம்பெனி பெயர். அதன் கீழே, 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது.' அதே பக்கத்தில் கொண்டி. கொண்டியில் பூட்டு. பூட்டியபடியே தொங்கியது.

எழிலுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் அவள் மாரிசெல்வியின் கையைப் பிடித்தாள்.

"எழுத்து இருக்குறது வெளிப்பக்கம்" என்றார் வெள்ளைத்துரை, இன்ஸ்பெக்டரிடம். "உள்ள திருட்டுத்தனமா வேலை பாத்தவன் வெளிப்பக்கம் எப்படிப் பூட்டுவான்?"

மாரிசெல்வி இதை எதிர்பார்த்து வரவில்லை. மருந்து கிடைக்கும், தடை போட்ட சரக்கு என்று நிரூபிக்கலாம், கணவன் பேரைக் கழுவலாம் என்று வந்தவள். அவள் நடந்து போய்க் கதவின் முன் உட்கார்ந்தாள். பூட்டைத் தொட்டாள், இழுத்துப் பார்த்தாள். பிறகு கதவைச் சுற்றி மறுபக்கம் போய்க் குனிந்து, உள்பக்கத்தில் இருந்த கீறல்களை விரலால் தடவினாள். நீண்ட நேரம் தடவிக்கொண்டே இருந்தாள். அழவில்லை.

"ரெய்டு வரும்னு பயந்து பூட்டச் சொன்னேன். ஆள் வேலை பாக்குறது வெளிய தெரியக் கூடாதுன்னுதான்..." ராஜபாண்டியன் யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தார். "வெடிக்கும்னு யாரு கண்டா? சார், நீங்க என் ஆளு. நீங்க சொல்லுங்க."

"நீங்க கேட்டதைக் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டேன் மொதலாளி" என்றார் வெள்ளைத்துரை.

இன்ஸ்பெக்டர் ராஜபாண்டியனை ஜீப்பின் பின்பக்கம் ஏறச் சொன்னார். நீள வாட்டில் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். அவர் ஏறித் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்தார். கான்ஸ்டபிள் கதவைச் சாத்தப் போனபோது மாரிசெல்வி குறுக்கே கை வைத்தாள்.

"நானும் வாரேன்."

"நீங்க பெறகு வந்து ஸ்டேட்மென்ட் குடுத்தாப் போதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் மேல அவர் குடுத்த புகார் இன்னும் அப்படியே இருக்குல்லம்மா? புகார் விழுந்த ஆளைக் கூட்டிட்டுப் போறதுதானே முறை?"

இன்ஸ்பெக்டர் எழிலைப் பார்த்தார், வெள்ளைத்துரையைப் பார்த்தார். பிறகு தலையை அசைத்தார்.

மாரிசெல்வி ஏறி ராஜபாண்டியனுக்கு நேரெதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்கும்படி உட்கார்ந்தாள். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். ஜன்னலில் கம்பி வலை, அதன் மேல் அழுக்குத் திரை.

"இங்கன பாருங்க மொதலாளி" என்றாள் அவள். அதே ஏறாத, இறங்காத குரல். "ஸ்டேஷனுக்கு இன்னும் தூரம் இருக்கு."

கான்ஸ்டபிள் கதவைச் சாத்தினார்.